கடைக்கதவில் ஒரு கிட்டார்

வீட்டில் மின்சாரக் கிட்டார் செய்கிறவனை அயலவர்கள் பைத்தியக்காரன் என்பார்கள். ரோந்து வருகிறவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். கைவேலை செய்து பிழைக்கும் என் தோழர்களே, உங்களுக்கும் இரண்டில் ஒன்று கிடைத்திருக்கும்.

நான் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடித்த தச்சன். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால் வேலை போனது. பிறகு பல வருஷம் துண்டுப்பிரசுரம் எழுதினேன். இரண்டு முறை உள்ளே இருந்தேன். எனக்குத் தெரிந்த உலகம் துண்டுப்பிரசுரங்களில் படித்த உலகம். கிட்டாரையும் அப்படித்தான் படித்தேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலச் சஞ்சிகையின் நாலு பக்கமும் ஒரு அகராதியும்தான் என் பள்ளிக்கூடம். கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ரயில் பாதையோரம் வாடகை வீடு. முன்னறையில் என் மனைவி புவனம் தையல் வேலை செய்வாள். பின்விறாந்தை என்னுடையது.

ஏழாம் பலகை

தமிழர் கடைகளை எரித்த எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம் நாவலப்பிட்டியிலிருந்து மைக்கல் வந்தான். கலியாண வீடுகளில் கிட்டார் வாசித்தவன். தகப்பனின் புடவைக் கடையை எரித்தபோது கிட்டாரும் உள்ளே எரிந்துவிட்டது. இப்போது ஐந்து பேர் அவன் கையைப் பார்த்திருந்தார்கள். கண்டி வாவிக்கரையில் ஒரு ஹோட்டல், இசைக்குழுவுக்கு ஆள் தேடியது. சொந்த மின்சாரக் கிட்டாரோடு வருகிறவனுக்குத்தான் இடம். ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். கடையில் கிட்டார் வாங்க வழியில்லாததால் என்னிடம் வந்தான்.

மரத்தை அவனே கொண்டுவந்திருந்தான். கடையை அடைக்க ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சொருகுகிற கதவுப் பலகைகளில் எரியாமல் தப்பிய மூன்று. முதிர்ந்த பலா. ஒரு பக்கம் கரி. இழைப்புளி போட்டதும் மஞ்சள் மரம் வெளியே வந்தது, புகை வாசமும் வந்தது. ஒரு பலகையில், வரிசை மாறாமலிருக்க வெள்ளைப் பெயின்ட்டால் ஏழு என்று எழுதியிருந்தது. இழைப்புளியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தேன்.

மைக்கல் சொன்னான்: "அப்பாவோட எழுத்துதாண்ணே. பரவாயில்ல, சீவிடுங்க."

ஐயாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு

கிட்டாரின் சத்தத்தைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை எட்டாயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். கம்பி, எரிந்துபோன மின்விசிறிகளில் கழற்றியது. சுற்றும் இயந்திரம், புவனத்தின் தையல் மெஷின். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் கம்பியை வழிநடத்தி, வாயால் எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் எல்லாம் வீண்.

நான் ஐயாயிரத்து முந்நூற்றில் இருக்கும்போது பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். பழைய கோப்பில் என் பெயர் இருக்கிறது. ஊரில் எங்கே எது வெடித்தாலும் என் வீட்டுக்கு வருவார்கள். காந்தம், செப்புக் கம்பி, ஈயம் பற்றவைக்கும் கோல், எல்லாம் மேசையில். "என்ன செய்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும். ஐயாயிரத்து முந்நூற்று ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினேன். பன்னிரண்டு வரை பொறுத்திருந்தார். பிறகு கையைப் பிடித்து நிறுத்தினார்.

கிட்டார் என்றேன். மரத்தைத் தட்டிப் பார்த்தார், சுருளைக் காதருகே வைத்துப் பார்த்தார். கடைசியில் சுருளைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நம்பவில்லையா என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "நம்புகிறேன். குண்டு செய்கிறவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. ஆனால் வெறுங்கையோடு போனால் ஸ்டேஷனில் பெரியவர் என்னை நம்பமாட்டார்."

பால் பூத்த பூச்சு

வேறு கம்பி தேடி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியதில் பத்து நாள் போனது. இரண்டே வாரம் மீதி. கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பில், மரத்துக்குப் பளபளப்புத் தரும் லெக்கர் நிரப்பி, விறாந்தையில் கிட்டாரைத் தொங்கவிட்டு அடித்தேன். அடிக்கும்போது மழை இல்லை. ஆனால் கடுகண்ணாவைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் பளபளத்த மரம் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. லெக்கருக்குள் ஈரம் புகுந்தால் இப்படித்தான் பூக்கும் என்று என் நாலு பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத்தை நம்பிக் கெட்டது எனக்கு அதுதான் முதல் தடவை என்று சொன்னால் பொய்.

பெயின்ட் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் ஓடினேன். பூச்சை இளக்கும் தின்னர் ஒரு போத்தல் தந்து, நல்ல வெயிலில் மேலாக அடித்தால் வெளுப்பு போகும் என்றார். அந்த வெயிலுக்கு ஆறு நாள் காத்திருந்தேன்.

போத்தலைக் கையில் தரும்போது நானா கேட்டார்: "மழை மூட்டத்தில லெக்கர் அடிக்கச் சொல்லி உங்கட சங்கம் தீர்மானம் போட்டதா, தலைவரே?"

வேறு குரல்

புதன்கிழமை தந்தி பூட்டினோம். மைக்கல் ஒரு பழைய ஒலிபெருக்கியை நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். செருகினான். முதல் சுரம் மணிபோல வந்தது. புவனம்கூடத் தையலை விட்டு எட்டிப் பார்த்தாள்.

தந்தியிலிருந்து கையை எடுத்தான். ஒலிபெருக்கி அடங்கவில்லை. கரகரவென்று இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், சிங்களத்தில், ஏதோ இலக்கங்களைச் சொன்னது. இன்னொரு குரல் அதற்கு, சரி சரி என்பதுபோல, "ஹரி, ஹரி" என்றது. ரயில் கடவைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது கஜ தூரத்தில் இராணுவக் காவலரண். அவர்களுடைய வயர்லெஸ் என் கிட்டாருக்குள்ளால் பேசிக்கொண்டிருந்தது. முன்பு துண்டுப்பிரசுரத்துக்கு மூன்று மாதம் வைத்திருந்தார்கள். இதற்கு எத்தனை வருஷம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் புவனம் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

மைக்கல் கிட்டாரை மடியிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, நான் வாசிக்கலண்ணே. அதுவாப் பேசுது."

புவனத்தின் பெட்டி

தப்பு என்னுடையது. தந்திகள் பூட்டியிருக்கும் உலோகப் பாலத்துக்குக் கீழே ஒரு கம்பி கொடுத்து எர்த் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்து வயர்லெஸ் அலையெல்லாம் உள்ளே புகுந்துவிடும். ஓட்டை துளைத்தவன், பூச்சுக் கலவரத்தில் கம்பியை நுழைக்க மறந்துவிட்டேன். சுருள் இருக்கும் குழியையும் உலோகத் தாளால் மூடவில்லை. ஹோட்டலுக்கு எதிரேயும் காவலரண் இருந்தது. அங்கே இது வாய் திறந்தால் மைக்கலுக்கு வேலை கிடையாது, சிறைதான்.

வியாழன் முழுதும் பாலத்தைக் கழற்றிக் கம்பியை நுழைத்தேன். உலோகத் தாளுக்கு எங்கே போவது? ஊரில் மறுபடி இராணுவச் சுற்றிவளைப்பு. வெளியே போக முடியாது. அப்போதுதான் சேலைகள் வைக்கும் தேயிலைப் பெட்டி கண்ணில் பட்டது. தேயிலையில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். பதினேழு வருஷம் அந்தத் தாளை ஒட்டியவன் நான். புவனம் சேலைகளைக் கட்டிலில் அடுக்கிக் கொடுத்தாள். நான் உரித்துக் குழி முழுக்க ஒட்டினேன். வெள்ளிக்கிழமை செருகிப் பார்த்தோம். தந்தியைத் தொட்டால் சத்தம், விட்டால் மௌனம். காவலரணில் யாரோ வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருப்பது ஜன்னலால் தெரிந்தது. கிட்டார் வாய் திறக்கவில்லை.

புவனம் வெறும் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தனை நாள் வேலைநிறுத்தத்துல கம்பனிக்காரன் பெட்டி ஒன்னக்கூட நீங்க ஒடைக்கல. எம் பெட்டியத்தான் ஒடைச்சீங்க."

சனிக்கிழமை

அன்று முழுதும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். கண்டிக்கு ஏழு மைல். வழியில் மூன்று சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கி அந்தப் பலா மரத்தைப் பிளந்து பார்த்தாலும் பார்ப்பார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மைக்கல் வந்தான். கிட்டார் முதுகில் முழுசாக இருந்தது.

"கெடைச்சிருச்சாடா?"

"கெடைச்சிருச்சுண்ணே. வர்ற வெள்ளிக்கெழமையிலருந்து." பிறகு தரையைப் பார்த்தான். "மேனேஜர் கையில வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாருண்ணே. ஜப்பான்ல செஞ்சதான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கூட்டமே நடத்தலாம். உழைத்தவனின் பெயரை அழிக்கிற வேலையைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருப்பேன். ஆனால் அவன் வீட்டில் ஐந்து பேர். இங்கே ஒரு தமிழன் பின்விறாந்தையில் செய்தது என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி கிட்டாரைப் பற்றி இருந்திருக்காது. "சரி, போ. அம்மாகிட்ட சொல்லு" என்றேன். அவன் போனபிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து புவனம் கூப்பிட்டாள்: "ஜப்பான்காரரே, சோறு ஆறுது, வாங்க."

தோழர்களே, வீட்டில் கிட்டார் செய்கிறவனுக்கு ஊர் தருகிற மிகப் பெரிய பாராட்டு, அதை அவன் செய்திருக்க முடியாது என்பதுதான்.