புர்கலின் எஃகு முட்டி

வழக்கமாக விடிகிற நேரத்தில் நோட்புர்கா பனி தள்ளும் வண்டியில் உட்கார்ந்து ஊரையே திட்டிக்கொண்டிருப்பாள். யாராவது ஒருவன் காரைச் சாலையோரம் விட்டுவிட்டுப் போய்ப் படுத்திருப்பான். அதைச் சுற்றி வளைத்துத்தான் பனியைத் தள்ள வேண்டும். தள்ளிய பனி அந்தக் காரையே மூடிவிட்டால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்பது அவள் கட்சி. ஊர் அவளைப் புர்கல் என்றுதான் கூப்பிடும். சண்டை என்றால் மட்டும் முழுப் பெயர்.

அன்றைக்குத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கடைசியாக விழுந்த பனி நன்றாக இறுகிவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. புர்கல் பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலை முடிகிற இடத்துக்கு வந்தபோது, மேனா ஏற்கெனவே அங்கே நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவள் பேக்கரியில் அவளே சுட்டது.

"வந்துட்டியா? நீ வர்றதுக்குள்ள மலையே உருகிடும்னு நெனச்சேன்."

"உன் மூட்டைய நீ தின்னு முடிக்கட்டும்னுதான்டி மெதுவா வந்தேன். முதுகுல சுமக்கறதுக்கு வயித்துல சுமக்கலாம்ல?"

"இந்தக் குளிர்காலம் முழுக்க வயித்துலதான் சுமந்தேன். யாரால? உன்னால."

அது உண்மை. பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து இவர்கள் இருவரும் சேர்ந்துதான் மலை ஏறுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் லிஃப்டும் கிடையாது, கயிற்று வண்டியும் கிடையாது. சறுக்கி இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் காலால் ஏற வேண்டும். தனியாக ஏறுகிறவர்களை ஊரில் யாரும் மதிப்பதில்லை. செப்டம்பரில் டவுன் ஆஸ்பத்திரியில் புர்கலின் வலது முட்டியை எடுத்துவிட்டு எஃகு முட்டி வைத்தார்கள். அதிலிருந்து மேனாவுக்கும் துணை இல்லாமல் போயிற்று. மேல்தெருப் பெண்கள் அவளை எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார்கள். "ஏறும்போதுகூட வாய மூடமாட்டாளுங்க" என்று சொல்லி அவள் போகவில்லை.

ஆனால் போன வாரம் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே மேனா சொன்னாள்: "இந்த மார்ச்சும் இப்படியே போச்சுன்னா, அடுத்த வருஷம் அவளுங்களோட போயிடப் போறேன் பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். புர்கலுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே மேனாவுக்கு ஃபோன் செய்து, டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றாள்.

டாக்டர் சொன்னது வேறு. "வண்டி ஓட்டலாம், நடக்கலாம், ஆடக்கூட ஆடலாம். ஸ்கீ மட்டும் அடுத்த குளிர்காலம்தான்."

இருவரும் குனிந்து கட்டைகளின் அடியில் ரோமப் பட்டைகளை ஒட்டினார்கள். பட்டையின் ரோமம் முன்னால் போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு வழக்கமான சோதனை. பனி சரிந்து மூடினால் ஆள் எங்கே கிடக்கிறாள் என்று காட்டிக்கொடுக்கும் கருவி இருவர் நெஞ்சிலும் இருந்தது. மேனா தன் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, புர்கல் அவளைக் கடந்து நடந்தாள். பீப், பீப் என்று கத்தியது.

"கருவி சரி. மண்வெட்டி?"

"இருக்கு."

"முட்டி?"

புர்கல் இதை எதிர்பார்க்கவில்லை. இந்த இடத்தில் கேட்கப்படும் கேள்விக்கு யாரும் விளையாட்டாகப் பதில் சொல்வதில்லை. புருஷனிடம் சொல்லாததைக்கூட இங்கே சொல்லிவிடுவார்கள். முந்தின ராத்திரி குடித்தது, வயிறு சரியில்லாதது, எல்லாம்.

"புதுசாட்டம் இருக்கு" என்றாள். அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முட்டி புதிதுதானே.

காட்டுக்குள் ஏறுவது சுகமாக இருந்தது. கட்டைகள் சர் சர்ரென்று இழுபடும் சத்தம், அதோடு புர்கல் வழக்கமாக முனகும் பாட்டு. புர்கல்தான் முன்னால் போனாள். எப்போதும் அவள்தான் முன்னால். அடுத்தவளுக்கு வழி போடுவது அவள் உடம்பில் ஊறிப்போன வேலை. சரிவு கூடியதும் வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலைத் தூக்கி, கட்டையோடு சேர்த்து எதிர்ப்பக்கம் திருப்பிப் போட வேண்டும். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் முட்டிக்குள் யாரோ ஊசியை வைத்து, ஞாபகம் இருக்கா என்று கேட்டார்கள்.

"என்னடி, பாட்ட நிறுத்திட்ட?" என்றாள் மேனா பின்னாலிருந்து.

"மூச்ச மிச்சம் பிடிக்கறேன்."

"நல்ல காரியம். மலைக்கும் காது இருக்குல்ல."

மரங்கள் முடிந்து வெள்ளைச் சரிவு விரிந்தது. மேலே ரோட்கோஃபல் மலை உச்சியில் நட்டிருந்த சிலுவை குச்சி மாதிரி தெரிந்தது. அப்போதுதான் புர்கல் கீழே திரும்பிப் பார்த்தாள். காட்டிலிருந்து இரண்டு பேர் வேகமாக ஏறி வந்தார்கள். ஒருவர் ஆரஞ்சு நிறச் சட்டையும் மஞ்சள் தொப்பியும் போட்டிருந்தார். அந்தத் தொப்பி ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்ததை அவள் பல முறை பார்த்திருக்கிறாள்.

"மேனா, நீ போயிட்டே இரு. எனக்கு ஒண்ணுக்கு வருது."

"இங்க ஒளிய எங்கடி மரம் இருக்கு?"

ஒரே ஒரு குட்டைப் பைன் இருந்தது. அதுவும் இடுப்பு உயரம். புர்கல் அதற்குப் பின்னால் போய்க் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது முட்டி மடங்க மறுத்ததால் ஒரு கால் மரத்துக்கு வெளியே கட்டையோடு நீட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் விகில் ப்ளாங்கர் மேனாவுக்கு வணக்கம் சொன்னார். கூட வந்த அவர் மச்சான் நிற்காமல் மேலே போனார். டாக்டர் குட்டைப் பைனைப் பார்த்தார்.

"புர்கல், எழுந்திரு. சில்லுனு இருக்கும்."

"யாரு?" என்றாள் புர்கல் துணிக்குள்ளிருந்து.

"காட்டுலருந்தே பாத்துட்டுதான் வர்றேன். நான் வெச்ச முட்டி எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாதா? இடது பக்கம் திரும்பறப்ப இழுக்குது, இல்ல?"

புர்கல் எழுந்தாள். ஆஸ்பத்திரியில் 'டாக்டர், நீங்க' என்றுதான் பேசுவாள். மரங்கள் முடிந்த உயரத்துக்கு மேல் அந்த நாட்டில் பட்டமும் பதவியும் கிடையாது. யாராக இருந்தாலும் பெயர்தான், 'நீ'தான். புர்கல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க டாக்டரே கிடையாது, விகில். உனக்குத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, கிடையாது. அதனாலதான் நான் திட்டல. ஆனா வியாழக்கிழமை நீ கீழ வரணும். அங்க நான் டாக்டரா இருப்பேன். அடுத்த குளிர்காலம்னு ஒருத்தர் சொன்னாரே, அந்த ஆளுக்கு ரொம்பக் கோபம் வரும்." கம்புகளை ஊன்றிக்கொண்டு மேலே போய்விட்டார்.

மேனா முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். குனிந்து தன் கட்டையிலிருந்து ரோமப் பட்டையை ஒரே இழுப்பில் பிய்த்தாள். உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் இருந்தது. பட்டையைப் பிய்த்தால் அதற்கு மேல் ஏறப்போவதில்லை என்று அர்த்தம்.

"மேனா, இவ்ளோ தூரம் வந்தாச்சு..."

"கீழ கேட்டேன்ல? நோட்புர்கா, கீழ உன்னக் கேட்டேன்ல?"

முழுப் பெயர்.

"ஃபோன்ல மட்டும் நீ பொய் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்டி. நீ சொல்லாத பொய்யா? பேக்கரியில சொல்லு, சர்ச்சுல சொல்லு. அங்க, பீப் பாத்துட்டு நிக்கற எடத்துல சொல்ற? அப்புறம் நான் எத நம்பிப் பின்னால வருவேன்?"

"நீ அவளுங்களோட போயிடுவேன்னு சொன்னியே."

"எப்ப?"

"போன வாரம், ரொட்டிப் பைய கட்டறப்ப."

மேனா பிய்த்த பட்டையைப் பைக்குள் திணித்தாள். "அடிப் பைத்தியமே. ரொட்டி கட்டறப்ப நான் ஆயிரம் சொல்லுவேன். அவளுங்க கூட்டத்துல மேல்தெரு ஆக்னஸ் இருக்கா. அவ உச்சியில போய் நின்னு யோகா பண்றா. அதப் பாக்கறதுக்கு நான் ஏறணுமா?"

புர்கலுக்குச் சிரிப்பு வந்தது. மேனாவின் முகம் சிரிக்கவில்லை. அவள் தன் நெஞ்சிலிருந்த கருவியை எடுத்துக் கையில் பிடித்தாள்.

"நட."

"எதுக்கு?"

"நடடி."

புர்கல் அவளைக் கடந்து நடந்தாள். பீப், பீப்.

"கருவி சரி. மண்வெட்டி?"

"இருக்கு."

"முட்டி?"

"ஏறுறப்ப தாங்குது. இடது பக்கம் திரும்பறப்ப குத்துது." அவள் கீழே சரிவைப் பார்த்தாள். "எறங்கறதுக்குப் பயமா இருக்கு, மேனா. இதுவரைக்கும் எனக்கு எறங்கப் பயம் வந்ததே இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, காட்டு ஓரமா உட்காந்து எல்லா ரொட்டியையும் தின்னுட்டுத் திரும்பியிருப்போம்."

மேனா குனிந்து புர்கலின் பட்டைகளையும் தானே பிய்த்து மடித்தாள். "நான் முன்னால போறேன். என் தடத்த விட்டு வெளிய வந்த, உன்ன இங்கயே புதைச்சுட்டு அந்தக் கருவியையும் அணைச்சுட்டுப் போயிடுவேன்."

வழக்கமாக மேனா அம்பு மாதிரி இறங்குகிறவள். அன்றைக்குச் சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பது போல அகல அகலமாக வளைந்தாள். இடது திருப்பம் வரும் இடங்களில் இன்னும் சாய்வு குறைந்த மேடாகப் பார்த்துத் திரும்பினாள். புர்கல் அந்தத் தடத்திலேயே போனாள். இன்னொருத்தி போட்ட வழியில் போவது அவளுக்குப் பழக்கமில்லை. முதல் இரண்டு வளைவுகளில் 'இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பியிருக்கலாம்' என்று மனதுக்குள் குறை சொன்னாள். மூன்றாவதில் குறை சொல்ல மறந்துபோனாள். மேல்பனி வெயிலில் இளகிக் கட்டைக்கு அடியில் வெண்ணெயாக ஓடியது. காட்டு முனையை எட்டும்போது அவள் பாட ஆரம்பித்திருந்தாள்.

"காதுல விழுது!" என்று மேனா முன்னாலிருந்து கத்தினாள். "எனக்கு விழுது, மலைக்கும் விழுது, நிறுத்து!"

சாலைக்கு வந்து கட்டைகளைக் கழற்றியதும் மேனா பையிலிருந்து தட்டையான தகரக் குப்பியை எடுத்தாள். பைன்காய் ஊறவைத்த சாராயம். சிலுவையைத் தொட்ட பிறகுதான் அதைத் திறப்பார்கள். தொடாமல் திரும்பினால் அது திறக்காமல் திரும்பும். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அந்த வழக்கத்தை இருவரும் மீறியதில்லை.

புர்கல் குப்பியைப் பார்த்தாள். மேனா அதைத் தன் பையில் திரும்பப் போடவில்லை. புர்கலின் கையில் திணித்தாள்.

"உன் வண்டியில வெச்சுக்கோ. அடுத்த குளிர்காலம் மேல கொண்டு வா. நடுவுல தொட்டேன்னு தெரிஞ்சுது, இன்னொரு முட்டியும் எஃகுலதான்."

"அப்ப அடுத்த குளிர்காலம் நாமதானா?"

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். அந்த ஆளு சொல்றத இனிமே என் காதால கேக்கணும். அதுக்கப்புறம் நாமதான்."

செவ்வாய்க்கிழமை மறுபடி பனி கொட்டியது. விடிந்ததும் புர்கல் வண்டியை எடுத்தாள். வழக்கமாகப் பேக்கரி வாசலில் ஒரு பனிக் குவியலை விட்டுவிட்டுப் போய், மேனாவிடம் ஜன்னல் வழியாக வசவு வாங்குவாள். அன்றைக்கு வாசலை மழமழவென்று வழித்துவிட்டு நின்றாள். மேனா மாவுக் கையோடு வெளியே வந்து, சுத்தமான வாசலைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள், கண்ணாடிக்கு அடியில் ஒரு காலுறைக்குள் நின்ற குப்பியைப் பார்த்தாள்.

"குடிச்சியா?"

"மோந்து பார்த்தேன்."

"கீழ கேட்டாலும் மேல கேட்டாலும் அதே பதில்தானே?"

"ரெண்டு தடவ மோந்து பார்த்தேன்" என்றாள் புர்கல்.