மேய்ச்சலுக்குப் போகாத ஆடுகள்

எங்கள் பக்கத்தில் 'திருடிட்டான்' என்ற சொல்லை யாரும் லேசில் வாயில் எடுக்க மாட்டார்கள். கண்ணால் பார்க்காமல் சொன்னால் நாக்கு அழுகிப் போகும் என்று ஒரு பயம். பூட்டை உடைத்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் 'அண்டா காணாம பூட்ச்சு' என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவனுக்கும் அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும். நான் கள்ளக்குறிச்சிக்காரன்தான், என் வீட்டிலும் இதே பேச்சுதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் நான் நழுவிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். பெயர் வேண்டாம். அங்கே மூன்று வருடம் நான் ரைட்டர். வருகிற புகாரை எழுத்தில் ஏற்றும் ஏட்டுக்கு அந்தப் பெயர். ஒரு புகார் வந்தால் இரண்டு வழி உண்டு. மனு ரசீது கொடுத்து, விசாரிக்கிறோம் என்று அனுப்பலாம். இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். போடலாம். மாதாமாதம் மாவட்டத்துக்குப் போகிற குற்ற அறிக்கையில் எஃப்.ஐ.ஆர். போட்டது மட்டும்தான் ஏறும். மனு ரசீது எந்தக் கட்டத்திலும் வராது. அறிக்கையில் 'இந்த மாதம்' என்ற கட்டத்தை ஒட்டியே 'சென்ற ஆண்டு இதே மாதம்' என்று இன்னொரு கட்டம் இருக்கும். எங்கள் இன்ஸ்பெக்டருக்கு உயிரே அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

"போன வருஷத்த வுட ஒண்ணு கூட ஜாஸ்தி ஆவக் கூடாதுய்யா. நான் எதையும் மறைக்கச் சொல்லல. நீ பாத்துக்க" என்பார்.

நானும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில் மலைச்சரிவு ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கரியாலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு கயிறு வைத்திருந்தார்.

"ரெண்டு ஆடு காணாம பூட்ச்சுங்க சாமி. ரெண்டும் செனை."

"எங்கம்மா கட்டி வெச்சிருந்த?"

"வூட்டாண்டதாங்க. தோ, கயிறப் பாருங்க."

கயிற்றை என் மேஜைமேல் வைத்தார். ஆடு இழுத்து அறுந்த கயிறு என்றால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இதன் நுனி வெட்டின கரும்பு மாதிரி மொழுக்கென்று இருந்தது. கத்தி வேலை. ஒரே இழுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான், "மேயப் போன ஆடா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. கட்டியிருந்த ஆடு. காலைல பாத்தா காணோம்."

"காணோம்னுதான சொல்ற? அப்ப காணோம்னே எழுதிக்கிறன்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'மேய்ச்சலுக்குச் சென்ற இரண்டு ஆடுகள் வீடு திரும்பவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று அவர் பெயரில் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். மனு ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

கயிறு மேஜைமேலேயே கிடந்தது. கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஸ்டேஷனுக்கு வந்த எந்தப் பொருளிலும் நம்பர் சீட்டு கட்டாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ரசீது நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கயிற்றில் கட்டி, கீழ் டிராயரில் போட்டேன்.

அந்த அம்மா இன்னும் இரண்டு தடவை வந்தார். கடைசித் தடவை ஆட்டைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "எங்க ஊர்ல இன்னும் நாலு வூட்ல பூட்ச்சுங்க. ஒரு போலீசு ராத்திரில வந்து சுத்திட்டுப் போனாப் போதும் சாமி" என்றார். ரோந்து எங்கே போவது என்பதை எங்கே வழக்கு ஜாஸ்தி என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த ஊரில் வழக்கே கிடையாது. அந்த நாலு வீட்டுக்கும் ரசீது கிழித்தவன் நான்தான்.

வருடக் கடைசியில் எங்கள் ஸ்டேஷனில் திருட்டு குறைந்திருந்தது. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும், கணக்கில் கெட்டிக்காரன் என்ற பெயரும் கிடைத்தன. கூடவே கள்ளக்குறிச்சியில் மாவட்டப் புள்ளிவிவரம் சேர்க்கும் பிரிவில் நாற்காலியும் கிடைத்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. போன வருடத்து எண்ணையும் இந்த வருடத்து எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்துவிட்டதால், பழைய வருடங்களுக்குப் போகும்போது எங்களுக்கு வந்த ஸ்டேஷன்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டினோம். வீடு புகுந்து ஆளைக் கொன்று நகையை எடுத்திருந்தால் கொலையில் மட்டும்தான் ஏற்ற வேண்டும், திருட்டிலும் சேர்த்து இரண்டாக்கக் கூடாது. பிறகு சட்டப் புத்தகமே மாறி, திருட்டுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிவந்த 379 போய் 303 வந்தது. எந்தப் பழைய பிரிவு எந்தப் புதுப் பிரிவுக்குள் வருகிறது என்று வரிசையாக எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மற்ற ஸ்டேஷன் ரைட்டர்கள் ஒரு வழக்கைத் தப்பான கட்டத்தில் போட்டால் போனிலேயே காய்ச்சி எடுப்பேன்.

நான் விட்டு வந்த நாற்காலியில் ஒரு பெண் ஏட்டு உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். கத்தியால் அறுத்ததைத் திருட்டு என்றே எழுதினாள். அவளுடைய முதல் வருட அறிக்கையில் அந்த ஸ்டேஷனில் திருட்டு இரண்டு மடங்காகியிருந்தது. மேலிடத்திலிருந்து அவளுக்கு மெமோ வந்தது. சரியான காரணம் காட்டாவிட்டால் மாற்றல்.

அன்றைக்கு எனக்குப் போன் செய்தாள். "நீங்க இருந்தப்ப எப்டிண்ணே அவ்ளோ கம்மியா வெச்சிருந்தீங்க? நானு இன்னா தப்பு பண்றன்னு சொல்லுங்கண்ணே, திருத்திக்கிறன். பொண்ணு பத்தாவது படிக்குது. இந்த நேரத்துல தூரமாத் தூக்கிப் போட்டா தாங்காது."

"எல்லாம் நேரம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு வருடத்தையும் ஒப்பிட்டு அட்டவணை போடச் சொல்லி என்னிடமே வந்தது. அடியில் 'குறிப்பு' என்று ஓர் இடம் உண்டு. வழக்கம்போல மாவட்டம் பிரிந்ததை எழுதினேன். சட்டப் பிரிவு மாறியதை எழுதினேன். மூன்றாவதாக, 'இந்த நிலையத்தில் முந்தைய ஆண்டு திருட்டுப் புகார்கள் சில மனு ரசீதோடு நிறுத்தப்பட்டதால் இரு ஆண்டுகளையும் ஒப்பிட இயலாது' என்று அடித்தேன். நிறுத்தியது யார் என்றுகூட எழுதவில்லை. அந்த ஒரு வரி போதும், அவள் தப்பித்துவிடுவாள். அதைப் படித்துப் பார்த்தேன். அன்றைக்கு ரைட்டர் யார் என்று முதல் கேள்வி வரும். எனக்கு ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. பேக்ஸ்பேஸ் பொத்தானை அழுத்தினேன். அந்த வரி முழுக்கப் போகிறவரை விரலை எடுக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. அறையில்கூட யாரும் இல்லை.

அவளைத் திருநாவலூருக்கும் அந்தப் பக்கம் மாற்றினார்கள். சார்ஜ் ஒப்படைத்த அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து மேஜைக் கண்ணாடிமேல் வைத்தாள். நம்பர் சீட்டு அப்படியே இருந்தது, என் கையெழுத்தில்.

"கீழ் டிராயர்ல கெடந்துச்சிண்ணே. ஒப்படைக்கற லிஸ்ட்டுல இல்ல. நம்பர வெச்சி மனுவ எடுத்துப் பாத்தன்."

அவள் குரல் உயரவில்லை.

"மேயப் போன ஆட்டுக்குக் கயிறு ஏதுண்ணே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரண்ணே, காலைல நாலரைக்கு பஸ்சு புடிக்கணும்" என்று சொல்லிப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். எழுந்திருக்கவே இல்லை. டிராயரைத் திறந்து கயிற்றை உள்ளே போட்டு மூடினேன்.