சேவல் திருப்பி நிறுத்திய பேருந்துகள்

என் தம்பிக்கு டிப்போவில் சேவல் என்று பெயர். பேருந்துகளை எழுப்பிவிடுகிறவன் அவன்தான். ஓட்டுநர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பதினான்கு வண்டிகளிலும் ஏறி இறங்கி இன்ஜினை ஓடவிடுவான். எல்லாம் பழைய வண்டிகள். பிரேக் குழாய்களில் அடைத்திருக்கும் காற்று ராத்திரியெல்லாம் கசிந்து போய்விடும். இன்ஜின் ஓடி, காற்று திரும்ப ஏறினால்தான் பிரேக் பிடிக்கும். அதுவரை வண்டி நகராது. இருபத்திரண்டு வருஷத்தில் அவனால் ஒரு வண்டியும் தாமதமானதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கடவுள் அதை மன்னிப்பார்.

ஆள் குள்ளம். கால் எட்டுவதற்காக ஓட்டுநர் இருக்கையின் நுனியில்தான் உட்காருவான்.

"சேவலு, ஏணி கொண்டாரட்டுமா?" என்பார்கள்.

"ஏணி எதுக்கு? நீ வந்து குனிஞ்சு நில்லு" என்பான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். மொட்டு என்று கூப்பிடுகிறோம். இப்போது இரண்டரை வயது. டிப்போவின் பின்சுவரை ஒட்டி ஒரு பிள்ளைகள் காப்பகம் இருக்கிறது. நான் அங்கே சமைக்கிறேன். தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை முறை வேலை. ஆறு மணிக்கு முன்பே தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு வந்து விட்டுவிட்டு ஓடுவாள். அந்த நேரத்தில் வருகிற ஆறு பிள்ளைகளையும் ஆயாம்மா ஜன்னலோரம் பாய் போட்டு மறுபடி தூங்க வைப்பார்.

மாதம் ஒருமுறை நர்சம்மா வந்து எடையும் உயரமும் பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். மொட்டுவின் கோடு நாலு மாதமாக மேலே ஏறவில்லை. படுத்தே கிடந்தது. இருமல் வேறு விடவில்லை.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன்" என்றார் நர்சம்மா.

அன்று சாயங்காலம் தம்பி மனைவி என்னிடம், "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எம்பொண்ணுக்கு முட்டை முழுசாத்தானே குடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். தம்பிதான் குறுக்கே வந்தான்.

"அக்காவை ஏன் கேக்கற? அப்பனே அரையாளு. கொழந்தை மட்டும் எங்கேருந்து வளரும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு வைக்கிற முட்டையும் மகள் தட்டுக்குப் போனது. அவளோ ரெண்டு வாய் தின்பாள், இருமுவாள், தட்டைத் தள்ளிவிடுவாள்.

பிறகு அவனுக்கு மணிக்கட்டு பிசகிப் பத்து நாள் லீவு கிடைத்தது. வேறொருவர் வண்டிகளைக் கிளப்பினார். லீவின் முதல் நாள் மொட்டுவைத் தூக்கிக்கொண்டு தம்பியே காப்பகத்துக்கு வந்தான். அந்த நேரத்தில் அவன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவளைத் தட்டித் தூங்க வைத்தான். நான் அடுப்பு பற்ற வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடி மூக்கைத் தூக்கியிருந்தான்.

"ஒம்போது எண்ணெயைக் குடிக்குது, அக்கா."

"எந்த ஒம்போது?"

"ஒம்போதாம் நம்பர் வண்டி. இப்ப வர்றது நாலாம் வண்டிப் புகை. வடிகட்டி மாத்தச் சொல்லி ஒரு மாசமாச்சு, மாத்தல பாரு."

"அடேயப்பா, பூ விக்கிறவ கூட இப்படி மோந்து சொல்ல மாட்டா" என்று சிரித்தேன்.

அவனும் சிரித்தான். சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனான். நடுவில் இருப்பது துளை வைத்துக் கட்டிய சுவர். துளைகளுக்கு அந்தப்பக்கம் வரிசையாகப் புகைக்குழாய்கள், எல்லாம் இந்தப்பக்கம் பார்த்து. டிப்போவில் வண்டிகளைப் பின்பக்கம் சுவரில் ஒட்டினாற்போல்தான் நிறுத்துவார்கள். காலையில் நேரே ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே இவன்தான்.

ஜன்னல் கட்டையைக் கைக்கட்டுத் துணியால் துடைத்தான். துணி கறுத்தது.

"ஆயாம்மா, தினமும் இதைத் திறந்து வெப்பீங்களா?"

"ஆமாப்பா. காலைக் காத்து பிள்ளைங்களுக்கு நல்லதாச்சே. ஒருநாள்கூட நான் மறந்ததில்ல."

தம்பி அவரைக் கோபிக்கவில்லை. "நானும் ஒருநாள்கூட மறந்ததில்ல, ஆயாம்மா" என்றான். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாய்களை ஒவ்வொன்றாக உள்ளறைக்கு இழுத்தான்.

நர்சம்மாவைத் தேடிப் போய்க் கேட்டோம். "புகை மட்டுந்தான் காரணம்னு என்னால எழுத முடியாது. ஆனா சின்ன நெஞ்சு தினமும் புகையைக் குடிச்சா சளியும் இருமலும் விடாது. சாப்பிடவும் தோணாது. தின்ன கொஞ்சமும் நோவோட மல்லுக்கட்டவே சரியாப் போயிரும், வளர்றதுக்கு எங்கே மிச்சம்?" என்றார்.

லீவு முடிவதற்குள் தம்பி டிப்போ மேற்பார்வையாளரிடம் போய் நின்றான். வண்டிகளைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க நிறுத்த வேண்டும் என்றான். ஓட்டுநர்கள் சத்தம் போட்டார்கள்.

"தூக்கக் கலக்கத்துல பதினாலு வண்டியையும் ரிவர்ஸ் எடுக்கறது யாரு, உங்க மாமனா?"

"நானே எடுத்து வாசல்ல விடுறேன். நீங்க சீவி முடிச்சு மாப்பிள்ளை மாதிரி வாங்க, போதும்."

சொன்னபடி செய்தான். கை சரியானதும் ஒவ்வொரு பிரேக் குழாயிலும் சோப்புத் தண்ணீர் தடவினான். நுரை பொங்கிய இடத்தில் கசிவு என்று கண்டுபிடித்து அடைத்தான். ஒரு மணி நேரம் ஓடவிட்ட வண்டிகளுக்குப் பத்து நிமிஷம் போதும் என்று ஆயிற்று. ஆயாம்மா எட்டு மணிக்கு மேல்தான் ஜன்னலைத் திறந்தார். நான் அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் அந்த ஆறு பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த அளவு நாளில் தம்பி வேலை முடிந்து, எண்ணெய்ச் சட்டையோடு வந்து வாசலில் நின்றான். மொட்டுவைத் தராசில் உட்கார வைத்தார்கள்.

"முந்நூறு கிராம் ஏறியிருக்கு. உயரம் அப்படியேதான் இருக்கு. அது மெதுவாத்தான் வரும். பெரிய ஆஸ்பத்திரி இப்போ வேண்டாம், இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்."

தம்பி மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். தம்பி மட்டும் நகரவில்லை.

"ஜன்னலோரம் படுத்த மத்த அஞ்சு பேரு?"

நர்சம்மா அட்டைகளைப் புரட்டினார். "மூணு பேருக்கு ஏறியிருக்கு. ரெண்டு பேருக்கு இல்ல. அதுக்கு வேற காரணமும் இருக்கலாம். பரிசோதிச்சாத்தான் தெரியும்."

அவன் தலையாட்டினான். நேரே மேற்பார்வையாளரிடம் போய், ஒன்பதாம் வண்டி எண்ணெய் குடித்துப் புகை கக்குவதால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் பதின்மூன்று வண்டிகள்தான் கிளம்பின. இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தடவை. ஒன்பதாம் வண்டியின் ஓட்டுநர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னய்யா சேவலு, இன்னிக்கு என் வண்டிய மட்டும் எழுப்பலையா?"

"தூங்கட்டும் விடுங்க, அண்ணே. சுவத்துக்கு அந்தப்பக்கமும் தூங்குறாங்க" என்றான் தம்பி.