ஸ்கேலுக்கு மேலே ஒரு வரி

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பேர் ரப்பர் அக்கா. வாசலில் நிற்கும் காவலாளி முதல் மாடியில் இருக்கும் அதிகாரி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தகுதித் தேர்வின் விடைத்தாள்கள் அங்கேதான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். யாருக்கு எந்தக் கல்லூரி, யார் எந்தப் படிப்புக்கு லாயக்கு என்று அந்த ஒற்றைத் தாள்தான் முடிவுகட்டும். தாள் முழுக்க வட்டங்கள். பிள்ளைகள் பென்சிலால் கறுப்பாக்கிய வட்டங்களை மிஷின் மடமடவென்று படித்துத் தள்ளும். படிக்க முடியாத தாளைப் பக்கத்துத் தட்டில் துப்பிவிடும். துப்பியதெல்லாம் அவள் மேசைக்கு வரும்.

வட்டத்துக்கு வெளியே இழுபட்ட கோடு, விரல் அழுக்கு, கன்னத்தை வைத்துத் தூங்கிய பிள்ளையின் வியர்வைக் கறை, எல்லாவற்றையும் ரப்பரால் துடைத்து மறுபடியும் மிஷினுக்கு அனுப்ப வேண்டும். விடை வட்டங்களைத் தொடக்கூடாது. பென்சில், பேனா எதுவும் அந்த அறைக்குள் நுழையக்கூடாது. ஜன்னல் சரிசெய்ய வந்த தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மனுஷன் அன்று முழுக்கக் காதைத் தடவிக்கொண்டே வேலை பார்த்தார்.

அவள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஒரு தையல் கம்பெனியில் பொத்தான் துளை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடியதும் இங்கே சேர்ந்தாள். பதினொரு வருஷம் ஆகிறது. வருஷத்தில் இரண்டு தடவை, மூன்று மூன்று வாரம் இந்த வேலை. மற்ற நாட்களில் அதே கட்டடத்தில் உறை ஒட்டுவாள். அவளுடைய மகளும் அடுத்த வருஷம் இதே தேர்வை எழுதப்போகிறாள். சாயங்காலமானால் மாதிரித் தாளை நிரப்பிவிட்டு அம்மாவிடம் நீட்டுவாள். "நீ எட்டாவதுதான், ஆனா ஊர்ப் பிள்ளைங்க பேப்பர் எல்லாம் உன் கையிலதான் இருக்கு" என்று சிரிப்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. கண்ணை மூடினாலும் வட்டம் வட்டமாகத்தான் தெரியும்.

அன்றைக்கு மூன்றாவது வாரத்தின் புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குள் கை மரத்துப்போயிருந்தது. பக்கத்து மேசையில் கண்ணாடிக்காரி. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி என்று இரண்டோடு அலைகிறவள்.

"அக்கா, இந்த மிஷினுக்கு மட்டும் வயித்துவலியே வராதா? ஒருநாளாவது லீவு போடக்கூடாதா?"

"அது லீவு போட்டா நமக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை. சும்மா இரு."

பதினாலாம் எண் அறையின் தாள் ஒன்று வந்தது. மிஷின் துப்பியதற்குக் காரணம் வகை எழுத்து. ஒரே கேள்விகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாக வரிசை மாற்றி அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி விடைப்பட்டியல். இந்தப் பிள்ளை முதலில் ஒன்றை நிரப்பி, அழித்து, இன்னொன்றை நிரப்பியிருந்தது. சரியாக அழியவில்லை. பி-யும் சி-யும் ஒரே மாதிரி சாம்பலாக இருந்தன. இந்த ஒரு வட்டத்தை மட்டும் அவள் தொடலாம். அறையின் வருகைப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் வரியைத் தேடி, அங்கே கண்காணிப்பாளர் குறித்த வகையைப் பார்த்து, மற்றதை அழிக்க வேண்டும்.

பட்டியலை எடுத்து வைத்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை, கழிவறைக்குப் போயே ஆகவேண்டும்.

"நீ போயிட்டு வாக்கா. நான் நம்பரைத் தேடி ஸ்கேலை வச்சிடறேன்" என்றாள் கண்ணாடிக்காரி.

திரும்பி வந்தபோது பட்டியல் மேல் ஸ்கேல் தயாராக இருந்தது. ஸ்கேலுக்கு மேலே இருந்த வரியைப் பார்த்தாள். சி. பி-யைச் சுத்தமாக அழித்தாள், தூசியை ஊதினாள், தட்டில் போட்டாள். மிஷின் தாளை விழுங்கிக்கொண்டது.

நான்கு மணித் தேநீர் வந்தபோது கழுத்தைத் திருப்பியவள், கண்ணாடிக்காரி ஒரு பட்டியலைப் பார்ப்பதைக் கவனித்தாள். கண்ணாடிக்காரி ஸ்கேலை வைத்தாள். விரல் ஸ்கேலுக்குக் கீழே ஓடியது.

"ஏய், நீ ஸ்கேலுக்குக் கீழயா படிப்ப?"

"பின்ன, மேலயா படிப்பாங்க?"

"நான் மேலதான் படிப்பேன்."

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. பதினொரு வருஷம் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்பது வரை ஒருத்திக்கு ஒருத்தி தெரியும். இது தெரியவில்லை.

ரப்பர் அக்கா பதினாலாம் அறைப் பட்டியலை மறுபடி எடுத்தாள். அவள் அழித்தது பி. அந்தப் பிள்ளையின் வரியில் இருந்ததும் பி. சி என்பது முந்தைய வரிப் பிள்ளையுடையது. இப்போது அந்தத் தாளின் நூற்றறுபது விடைகளையும் மிஷின் வேறு பட்டியலோடு ஒப்பிட்டிருக்கும். இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு, கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியவனுக்கு விழுகிற மதிப்பெண்தான் விழும்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற? கட்டு கட்டி சீல் வச்சாச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

மேற்பார்வையாளர் தன் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நாற்காலிக்குக் கீழே நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரு பேப்பர்மா. லட்சத்துல ஒண்ணு. சீலை உடைச்சா இன்னைக்குக் கணக்கு மொத்தமும் திரும்பப் பாக்கணும். எட்டுப் பேரும் ஏழு மணி வரைக்கும் உக்காரணும். உங்களைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும் சார்."

"நாளைக்குப் பாக்கலாமே?"

"நாளைக்கு லாரி வந்து ஏத்திட்டுப் போயிடும் சார்."

லாரி வருவது அவருக்கும் தெரியும்.

"லட்சத்துல ஒண்ணுங்கறீங்க. என் மேசைக்கு ஒண்ணொண்ணாத்தானே சார் வருது" என்றாள். பதினொரு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது.

அவர் காலால் துழாவிச் செருப்பை மாட்டினார்.

சீல் உடைந்தது. தாள் கட்டுகளுக்கு நூல் கட்டும் மேசைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "கிளம்பற நேரத்துலதான் உனக்கு ஞானம் வரும்" என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். ரப்பர் அக்கா கட்டைப் பிரித்தாள். பட்டியலில் பார்த்த எண்ணைத் தேடி எடுத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். ரப்பர் தேய்த்த இடம் மட்டும் லேசாக மினுங்கியது. இதேதான்.

அழித்த பி-யை மறுபடி நிரப்ப முடியாது. யாருடைய பென்சிலும் அந்தத் தாளைத் தொடக்கூடாது. மேற்பார்வையாளர் கணினியில் கையால் மாற்ற வேண்டும். அதற்குத் தவறு செய்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். எழுதிக் கொடுத்தவர் ரப்பர் மேசையில் தொடர முடியாது, நூல் கட்டும் மேசைக்குப் போகவேண்டும், அது விதி.

அவர் அறையில் அவருடைய பேனாவால் நான்கு வரி எழுதினாள். அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

அவர் படித்தார். "ஸ்கேலை வச்சது பக்கத்து மேசை அம்மான்னு சொன்னீங்களே. அதை எழுதலயே?"

"படிச்ச கண்ணு என்னுது சார். நம்பரை நான் சரிபாத்திருக்கணும்."

அவர் கணினிப் பக்கம் திரும்பி ஒரு எழுத்தை அழுத்தினார். கொஞ்சநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஓர் எண் மறைந்து இன்னோர் எண் வந்தது. மதிப்பெண்ணை அவள் பார்க்கக்கூடாது என்று திரையைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். ஆனால் அவர் புருவம் உயர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லா எழுதியிருக்கா சார்?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா." "நல்லவேளை வந்தீங்க" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நாளையிலேருந்து நூல் கட்டற மேசை. அடுத்த சீசனுக்குக் கூப்பிடறதைப் பத்தி மேல கேட்டுச் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் மகளின் மாதிரித் தாளைப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பே தோளை அழுத்தியது.

கணக்கு முடிய ஏழேகால் ஆனது. மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்க்காமலே போனார்கள். வாசலில் கண்ணாடிக்காரி மட்டும் நின்றுகொண்டிருந்தாள், ரப்பர் அக்காவின் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டியபடி.

"என் பேரை எழுதினியா?"

"இல்ல."

"ஏன்க்கா எழுதல?"

"எழுத வரல. நாலு வரிக்கே விரல் வலிச்சுப்போச்சு."

கண்ணாடிக்காரி பையைக் கொடுக்காமல் முன்னால் நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் போய் நின்ற பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"எழுதியிருக்கலாம்ல. ரெண்டு பேரும் சேந்து நூல் கட்டியிருப்போம்."