கார்டுக்கு மூஞ்சி கிடையாது

செவ்வாய்க்கிழமை காலையில் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "மாமி, அப்பா போயாச்சு. மத்தியானம் உச்சைக்கு வீட்டுக்குக் கொண்டு வருவோம். வருவீங்கல்லோ?" வருகிறேன் என்றேன். மேஜை மேல் சதுரங்கப் பலகை இருந்தது. முந்தைய வாரம் முடிந்த ஆட்டத்தின் காய்களை நான் இன்னும் கலைக்கவில்லை.

செல்வியின் அப்பா பேச்சிமுத்து அண்ணாச்சியை இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில் தெரியாதவர்கள் குறைவு. ஆணி, கீல், தாழ்ப்பாள் எது வேண்டுமானாலும் அவர் கடைக்குத்தான் போவோம். பல வருஷங்களுக்கு முன் ஒருநாள் தாழ்ப்பாள் வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சதுரங்கப் பலகை, எதிரே ஆள் இல்லை. "எதிராளி எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டேன். "தபால்ல வந்துக்கிட்டிருக்கான்" என்றார். மதுரைக்காரர் ஒருவரோடு அஞ்சலட்டையில் ஆடிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல், "குதிரையை நகர்த்தினா ராணி போயிடுமே" என்று வாயை விட்டேன். "எனக்குச் சொல்லித் தராதிய. அட்ரஸைத் தாங்க" என்றார். தாழ்ப்பாள் வாங்கப் போனவள் எதிராளியாகித் திரும்பினேன்.

கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்கிரகாரத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். தபாலில் போட்டால் இரண்டு நாளாகும். கடைக்கே வந்து ஆடிவிடுகிறேனே என்று ஒருமுறை கேட்டேன். "நேர்ல உக்காந்தா மூஞ்சியப் பாத்து ஆடத் தோணும். பாவம், முழிக்காகளேன்னு கை தயங்கும். கார்டுக்கு மூஞ்சி கிடையாது மாமி" என்றார். அதிலுள்ள ருசி எனக்கும் சீக்கிரமே பிடிபட்டது. ஆபீசில் ஃபைலைப் புரட்டும்போதும், வீட்டில் புளி கரைக்கும்போதும் அவருடைய குதிரை என் மண்டைக்குள் தாவிக்கொண்டே இருக்கும். அவசரமில்லை, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நினைப்பதற்கு எனக்கென்று ஒன்று இருந்தது.

நேரில் பார்த்தால் ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். ஒரே ஒருமுறை அவரே அதை மீறினார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "நூறு தேங்கா உடைச்சாலும் அந்த யானை தப்பாது" என்று சொல்லிவிட்டுச் சாமி கும்பிடப் போனார். தப்பவில்லை.

என் கணவர் இறந்தபோது அண்ணாச்சி மனைவியோடு வந்தார். எங்கள் தெருவில் துக்கம் விசாரிப்பது என்போம். அவருடைய திருநெல்வேலியில் துட்டி கேட்பது என்பார்கள். வந்து உட்கார்ந்தார், எப்படி ஆச்சு என்று கேட்டார், போனார். அந்த வாரமே கார்டு வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. என் ராணிக்குக் குறி வைத்து மந்திரியை நகர்த்தியிருந்தார். மனுஷனா இவர் என்று கொதித்துப் போனேன். கோபத்தோடு பலகை முன்னால் உட்கார்ந்து சாயங்காலம் வரை யோசித்து ராணியைக் காப்பாற்றினேன். அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட நாட்களில் அவர் ஒருவர்தான் என்னை ஒழுங்காக எதிர்த்தார்.

இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுவாள். அவள் படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத வராது. அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதி அனுப்புவாள். என் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தடுக்க அவருக்கு வழியில்லை. இந்த நிலைமையில் அவரைத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. டிரா என்று முடித்துக்கொள்ளலாமா என்று எழுதிப் போட்டேன்.

வழக்கத்தைவிடத் தாமதமாகப் பதில் வந்தது. அந்த மலையாள எழுத்துகளைக் கூட்டி வாசித்தபோது அவர் குரலே கேட்டது: "துட்டி கேக்க வாறவங்க நான் செத்த பெறவு வரட்டும். இப்ப ஆடுங்க."

வெட்கமாக இருந்தது. சிப்பாயை நகர்த்தினேன். அவரும் விடவில்லை, கடைசிவரை யானையை வைத்துக்கொண்டு என்னைப் படாதபாடு படுத்தினார். பிறகு ஒரு கார்டு வந்தது. "தோத்துட்டேன். நல்ல ஆட்டம்."

துட்டி கேட்கப் போனேன். எப்படி ஆச்சு என்று முறைப்படி கேட்டேன். செல்வி எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க கடைசி கார்டை வாசிச்சுக் காட்டினப்போ அப்பா சிரிச்சாங்க மாமி. 'பாத்தியா, மாமி விடலை பாத்தியா'ன்னு நர்ஸ்கிட்டயும் சொன்னாங்க கேட்டோ" என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது.

எங்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஜெயம். போனவரைப் பற்றி எழுதும்போது இப்படியா பெருமையடித்துக்கொள்வது என்று வீட்டில் கேட்டார்கள். அண்ணாச்சி இதைப் படிப்பதாக இருந்தால் முதலில் தேடுவது, நான் ஜெயித்தேன் என்ற அந்த வரியைத்தான்.