கை கட்டாதவர்கள்

1999 அக்டோபர், சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு சான் ரமோனிலிருந்து கிளம்பினோம். சான் பிரான்சிஸ்கோ முப்பத்தைந்து மைல். ரவி தம்பி கார் ஓட்டினார். பின்னால் அவர் அப்பாவும் நானும். பெரியவரைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் என்னைக் கோபியிலிருந்து கூட்டிவந்து இரண்டு வருடம். என் பாஸ்போர்ட் தம்பியிடம் இருக்கிறது.

தையில் என் மகளுக்குக் கல்யாணம். போகட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "அப்பா இருக்கற வரைக்கும் இருங்கண்ணா. அப்புறம் நானே டிக்கெட் புக் பண்ணித் தர்றேன்" என்றார்.

வழியில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை, அரை மைலுக்கு மேல். அப்புறம் கடல்மேல் பாலம். டோல் இரண்டு டாலர்.

பத்தேகாலுக்கு மியூசியம். பழைய சீனாவின் சாமான்கள். வெண்கலத்தில் ஒரு பாத்திரம், மூன்று கால். அடியில் தண்ணீர், மேலே ஆவியில் வேகும் தட்டு. நம் இட்லிச் சட்டியேதான்.

"பழனி, இதுலயாவது உன் இட்லி மெத்துனு வருமாடா?" என்றார் பெரியவர்.

தம்பி பலகையைப் படித்தார். இது மாதிரி ஒன்றைத் தோண்டி எடுத்தபோது உள்ளே மனுசத் தலை இருந்ததாம். மூவாயிரம் வருடத்துக்கு முன், செத்த முன்னோருக்கு ஆளை வெட்டிப் படைப்பார்களாம். நான் பின்னால் நகர்ந்தேன்.

அடுத்த சுவரில் ராஜாவைப் புதைத்த குழியின் படம். சுற்றிலும் எலும்புகள். கூடவே புதைத்த வேலையாட்கள்.

பெரியவர் சக்கர நாற்காலியிலிருந்து கைத்தடியால் காட்டினார். "பாத்தியா, கால்மாட்டுல கிடக்கறது நீதான்." சிரித்தார். இருமல் வந்தது. முதுகை நீவிவிட்டேன்.

"கையைக் கட்டியிருக்குதுங்களா தம்பி?"

"சிலருக்குக் கட்டியிருக்கு. சிலருக்கு இல்ல. அவங்க தானாவே வந்திருக்கலாம்னு போட்டிருக்கு."

கட்டினவனைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. கட்டாதவனைப் பார்த்துத்தான் வந்தது. அவனிடமும் "கூட இரு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். மரியாதையாகவே சொல்லியிருப்பார்கள்.

திரும்பும்போது பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி தூங்கினார். மூச்சு நின்று நின்று வந்தது. நின்றபோதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

கார் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"தம்பி, பாஸ்போர்ட்டைக் குடுத்துருங்க. தைக்கு நான் போயாகணும்."

தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்பாவுக்கு யாருண்ணா இருக்கா?"

"எனக்கும் பொண்ணு ஒண்ணுதானுங்க."

பெரியவர் கண்ணைத் திறக்கவில்லை. "அவனைக் கட்டியா போட்டிருக்குது? குடுத்துருடா" என்றார்.

பிடித்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. சுரங்கம் முடிந்து வெயில் வந்தது. சான் ரமோனுக்கு இன்னும் இருபது மைல்.