தேயிலைக்குள் விழாத பந்து

காலை ஆறு மணிக்குக் கோவை மேட்டுப்பாளையம் ரோடு பேருந்து நிலையத்தில் ஊட்டி வண்டி ஏறினேன். தோளில் கிட் பை, கையில் பேஸ்பால் மட்டை, வயிற்றில் இரண்டு இட்லி. நாற்பத்தொன்பது வயதில் வேலை கேட்டுப் போகிறவனுக்கு இரண்டுக்கு மேல் இட்லி இறங்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் இருபது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்த பள்ளி, மைதானத்தில் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டது. மைதானமே போனபின் மாஸ்டருக்கு அங்கே என்ன வேலை? கல்லூரி அணியில் என்னோடு ஆடிய நண்பன் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பியிருந்தான். குன்னூரைத் தாண்டி, எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்குப் பேஸ்பால் பயிற்சியாளர் வேண்டுமாம். ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் அடித்தால் எனக்கு வேலை.

கண்டக்டர் மட்டையைப் பார்த்தார்.

"ஏனுங்க, அடிதடிக்குங்களா?"

"இல்லீங்க, வாத்தியார் வேலைக்கு."

"இப்பெல்லாம் வாத்தியாருக்கே இது தேவைப்படுதுங்களா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, மட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார்.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து மலை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. முதல் வளைவில் "வணக்கம், வருங்கால வீரர்களே" என்று மனசுக்குள் கம்பீரமாக ஆரம்பித்த என் உரை, ஏழாவது வளைவில் "அம்மா, நான் குடும்பஸ்தன்" என்று இறங்கிவிட்டது. பக்கத்து இருக்கை அம்மா என் முகத்தைப் பார்த்து, மலை ஏறும் தலைசுற்றல் என்று நினைத்து ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். பயத்துக்கும் அது கேட்குமா என்று நான் கேட்கவில்லை. குன்னூர் வரைக்கும் முகர்ந்துகொண்டே வந்தேன்.

குன்னூரில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து கோத்தகிரி சாலையில் மினி பஸ். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டரில் பள்ளி. தலைமையாசிரியையான சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமே சார்?"

"முடிச்சிட்டே குடிக்கிறேன் சிஸ்டர்."

கிட் பையைக்கூட இறக்காமல் நேரே மைதானத்துக்கு நடந்தேன்.

மலையை வெட்டிச் சமப்படுத்திய சின்ன மைதானம். இடப்பக்கம் பள்ளிக் கட்டடம். ஒரு பக்கம் சில்வர் ஓக் நிற்கும் புல்மேடு, எதிர்ப்பக்கம் தேயிலைச் சரிவு. பச்சைப் பசேலென்று காலியாகக் கிடந்த அந்தச் சரிவைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அடித்தால் பந்து பறக்கும் காட்சியிலேயே சிஸ்டர் மயங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் புல்மேட்டு ஓரம் வைத்தேன். எதிரே பள்ளத்தாக்கு.

பிள்ளைகள் வந்தார்கள். மட்டையைப் பிடிக்கச் சொன்னேன், அழகாகப் பிடித்தார்கள். நிற்கச் சொன்னேன், நின்றார்கள். பந்தை வீசினேன். ஒவ்வொருவரும் அதைத் தூங்கும் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினார்கள். பந்து நாலடி உருண்டு நின்றது. ஜெனிஃபர் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண், கிரிக்கெட் கேப்டன், நல்ல தோள். அவளும் தட்டினாள். அரை மணி போயிற்று. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் ஓய்வுக்காலத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா, காலைல சாப்பிடலியா?"

"சாப்ட்டேன் சார்."

"பின்ன ஏன் தடவிக் குடுக்கற?"

"தேயிலைக்குள்ள அடிச்சா அவுட்டு சார். இங்க ரூல் அப்படித்தான்."

"அது உங்க கிரிக்கெட்டுக்கு. இதுல வெளிய அடிச்சாத்தான் ஹோம் ரன்னு. அதுலதான் பெருமையே."

அவள் மட்டையால் தரையைக் கீறினாள். "கீழ எங்கம்மா இருக்காங்க சார். இவங்க அம்மாங்களும் அங்கதான். இந்தப் பந்து கல்லு மாதிரி இருக்கு."

விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய பெண்கள் குனிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காலியாகத் தெரிந்த பச்சைக்குள் அத்தனை பேர். என் பயம் கொஞ்ச நேரம் எனக்கே மறந்துபோயிற்று.

"சிஸ்டர், ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லி மைதானத்தையே திருப்பிப் போட்டேன். ஹோம் பிளேட் பள்ளத்தாக்கு ஓரத்துக்கு வந்தது. இனி அடித்தால் பந்து புல்மேட்டில் ஏறும். மட்டையில் உரசிப் பின்னால் தெறிக்கும் பந்து கீழே போகாமலிருக்க, கிளவுஸை மாட்டிக்கொண்டு நானே விளிம்பில் குந்தினேன். முன்னால் மட்டை, பின்னால் பாதாளம். இந்த வேலைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மனைவியிடம் சும்மா சொல்லியிருந்தேன்.

ஒரு பையனை வீசச் சொன்னேன். ஜெனிஃபர் எதிரே இருந்த புல்மேட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம் அடித்தாள். அந்தச் சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பியது. பந்து சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே போய், புல்லில் விழுந்து, உருண்டு உருண்டு எங்களிடமே வந்து நின்றது. பிள்ளைகள் வரிசையை மறந்து மட்டைக்கு முண்டியடித்தார்கள்.

"பந்து பொறுக்க ஆள் வேண்டாம் போலிருக்கே சார்" என்றார் சிஸ்டர். அடுத்த பந்தும் அப்படியே உருண்டு வந்தபின் கேட்டார்: "ஸ்வெட்டர் இருக்குங்களா? திங்கக்கிழமையிலிருந்து வரணும்னா காலைல நல்லாக் குளிரும்."

"இருக்குங்க சிஸ்டர்" என்றேன். இல்லை. வாங்கிக்கொள்ளலாம்.

தள்ளிப்போட்ட டீயைக் குடித்து, மாலை வரை பிள்ளைகளோடு ஆடிவிட்டு, நாலரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். இலையை எடை போட்டுவிட்டுப் பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். ஜெனிஃபர் தன் அம்மாவைக் கூட்டிவந்தாள்.

"புது மாஸ்டர் நீங்கதானுங்களா?" என்றார் அந்த அம்மா. "இத்தன வருசத்துல ஒரு பந்துகூட எங்க பக்கம் வந்து விழுந்ததில்லைங்க. புள்ளைகள வெளையாடவே விட மாட்டேங்கறாங்கன்னு சிஸ்டர் மேல எங்களுக்குக் கோவம். இன்னிக்குத்தான் சத்தம் கேட்டுச்சு. யாரு அடிச்சது?"

"உங்க பொண்ணுதான்."

அவர் மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்தது. தேயிலைக் கறை ஏறிய கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டார்.

கோவையில் எங்கள் குடியிருப்பில், ஜன்னல் கண்ணாடி உடைந்தால்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அம்மாக்களுக்குத் தெரியும். இங்கே அம்மாக்களுக்குத் தெரியாமலே இருந்ததற்குக் காரணம், பிள்ளைகள் அவ்வளவு ஜாக்கிரதையாக விளையாடியதுதான்.

மினி பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது ஜெனிஃபர் கேட்டாள்: "நாளைக்கே வர மாட்டீங்களா சார்?"

"திங்கக்கிழமைம்மா" என்றேன். எனக்கும் அது ரொம்பத் தூரமாகத்தான் தோன்றியது.